மாசி முடிகிறது, மேல்காற்று எப்போது? பாலாற்றுப் பள்ளத்தாக்குக்கும் கடற்கரைக்கும் கோடைக் கணிப்பு

குடியாத்தம் மாந்தோப்பு

எல்லாருக்கும் வணக்கம். பரதராமி பக்கம் எங்கள் தோப்பு. பங்கனபள்ளியும் செந்தூராவும் கொஞ்சம், மீதியெல்லாம் பெங்களூரா. இந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்து, பிஞ்சும் இறங்கிவிட்டது. வியாபாரி குத்தகை பேச வந்து போகிறார். சித்திரையில் காற்றடித்துக் காய் கொட்டினால் நஷ்டம் யார் தலையில் என்பதில்தான் பேச்சு நிற்கிறது.

வானிலைத் துறை மார்ச் முதல் மே வரைக்கான கணிப்பைப் பிப்ரவரிக் கடைசிவாக்கில் வெளியிடும். வட தமிழகத்தில் வெப்பம் இயல்பைவிடக் கூடும், மழை இயல்பை ஒட்டியிருக்கும் என்கிற மாதிரி ஒரு வரி வரும். அந்த ஒரே வரி மெரினாவில் நிற்பவனுக்கும் பொருந்தும், மோர்தானா அணைக்கரையில் நிற்கிற எனக்கும் பொருந்தும் என்றால் அதை வைத்து நான் என்ன முடிவெடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாறு ரேடார் (காட்பாடி)

நல்ல கேள்வி அண்ணா. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருவக் கணிப்பில் வருவது நிகழ்தகவு. கடந்த பல வருடங்களின் அளவுகளை இயல்புக்குக் கீழே, இயல்பு, இயல்புக்கு மேலே என்று மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இந்த வருஷம் எந்தப் பங்கில் விழ வாய்ப்பு அதிகம் என்று வரைபடத்தில் நிறம் போடுவார்கள். எந்தப் பக்கமும் சாயாவிட்டால் ஆளுக்கு 33 சதவீதம். "மேலே" என்பதற்கு 55 சதவீதம் என்று நிறம் போட்டிருந்தாலும், மீதி 45 சதவீதம் மற்ற இரண்டுக்கும் இருக்கிறது. அதுவும் மூன்று மாதச் சராசரிக்குத்தான். சித்திரையில் எந்தச் சாயங்காலம் பரதராமியில் காற்று சுழற்றும் என்பதை அதனிடம் கேட்கவே கூடாது.

மழைச் சராசரியும் நம் பக்கம் சரியாகப் பொருந்தாது. தமிழ்நாடு முழுமைக்கும் மார்ச் முதல் மே வரை 125 மில்லிமீட்டரை ஒட்டி மழை. இதில் பெரும்பங்கு மேற்கு மாவட்டங்களிலும் மலைகளிலும் விழுகிறது. சென்னைக் கரைக்கு இதில் பாதி தேறினாலே பெரிது. நமக்கு நடுவாந்தரம்.

நம் கோடையை முடிவு செய்வது காற்றின் திசை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். வேலூர் 216 மீட்டர். கர்நாடக மேட்டுநிலத்திலிருந்து வறண்ட மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகும். கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி என்பது வறண்ட காற்றின் கணக்கு. எழுநூறு மீட்டர் இறக்கம் என்றால் ஏழு டிகிரி. அன்றைக்குப் பெங்களூரில் பகல் 34 என்றால் இங்கே 41 என்று வைத்துக்கொள்ளலாம். மேல்காற்று நாட்களில் நான் முதலில் பார்ப்பது பெங்களூரு வெப்பநிலையைத்தான். கிழக்கே கடல் பக்கமிருந்து கீழ்காற்று வீசும் நாளில் இந்தக் கணக்கு செல்லாது.

ஆக, மார்ச் மாதம் முழுக்கக் கீழ்காற்று ஓங்கினால் பள்ளத்தாக்கு தப்பிக்கும். பங்குனி நடுவிலேயே மேல்காற்று புகுந்துவிட்டால் அன்றிலிருந்து தகிப்புதான்.

சந்தேகப் பிராணி

இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு? மே 4 முதல் 28 வரை கத்திரி. பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் அச்சாகிறது. என் பாட்டிக்குப் பெங்களூரு உயரம் தெரியாது, கத்திரியில் வெளியே போகக்கூடாது என்பது தெரியும். அவ்வளவுதான் கணிப்பு.

பாலாறு ரேடார் (காட்பாடி)

பாட்டி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கத்திரி என்பது சூரியன் நிற்கும் இடத்தை வைத்துப் போட்ட தேதி. நம் அட்சரேகை 13 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. ஏப்ரல் 24, 25 தேதிகளில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், கம்பத்தை நட்டுவைத்தால் நிழல் காலடியிலேயே விழும். ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொரு முறை அப்படி வருகிறது. அப்போது வேலூர் கொதிக்கிறதா? இல்லை, மேகம் இருக்கிறது. கத்திரியில் நல்ல இடிமழை அமைந்த வருஷமும் உண்டு. 2024இல் ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும்தான் நம்மை வறுத்தெடுத்தன, வேலூர் 43ஐத் தாண்டியது. மே பாதிக்குமேல், கத்திரி நடந்துகொண்டிருக்கும்போதே மழை இறங்கிவிட்டது. 2025இல் கேரளத்தில் மே 24ஆம் தேதியே தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. வழக்கமான தேதி ஜூன் 1. அந்த வருஷம் கத்திரியின் வால் நனைந்துதான் போனது.

சதுரங்கப்பட்டினம் கரையோரன்

உங்கள் பாலாறு வந்து கடலில் சேரும் வயலூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். (வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான் வந்து சேருகிறது, அது வேறு கதை.)

கரையோரத்துக்கு உச்சம் உங்களோடு சேர்ந்து வராது. ஏப்ரலில் எங்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடல்காற்று ஏறிவிடும். வெப்பநிலை 34, 35இல் நின்றுவிடும். மே கடைசியில்தான் சங்கடம். தென்மேற்குப் பருவத்துக்கான மேல்காற்று பலமாகிவிட்டால் கடல்காற்றை உள்ளே விடாது. இரண்டு மணி, மூன்று மணி வரை தரைக்காற்றே அடிக்கும். சென்னையின் உச்ச அளவான 45 டிகிரி 2003 மே 31ஆம் தேதி பதிவானது. கத்திரி முடிந்த பிறகு! சந்தேகப் பிராணி ஐயா இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

அதனால் கரையில் இருப்பவனுக்குக் கணிப்பு என்றால் இன்றைக்குக் கடல்காற்று எத்தனை மணிக்கு என்ற ஒரே கேள்விதான். ஒரு மணிக்கு முன்னால் வந்தால் பிழைத்தோம்.

இப்போது படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில். அந்த இரண்டு மாதமும் வானத்தைப் பார்ப்பதைத் தவிர எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வேறு வேலை இல்லை.

சத்துவாச்சாரி மாடிவீடு

வடாம் போடலாமா என்று கேட்க வந்தேன், இங்கே பெரிய பாடமே நடக்கிறது. சரி, நானும் ஒன்று கேட்கிறேன். பேப்பரில் "சென்னையில் சதம், வேலூரிலும் சதம்" என்று ஒரே வரியில் போடுகிறார்கள். என் தங்கை திருவான்மியூரில். அவள் வீட்டில் ஏர்கூலர் வாங்கி வைத்து, காற்று வரவில்லை, பிசுபிசுவென்று இருக்கிறது என்று மூலையில் தள்ளிவிட்டாள். அதே கூலர் இங்கே எனக்குச் சொர்க்கம். இரண்டு ஊரும் நூறு டிகிரி என்றால் ஏன் இப்படி?

பாலாறு ரேடார் (காட்பாடி)

அக்கா, இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

பேப்பர் சதம் என்பது 100 ஃபாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். அதில் ஈரப்பதம் இல்லை. கூலர் வேலை செய்வது தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால். எவ்வளவு குளிரும் என்பதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. வேலூரில் பகல் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 25. கூலர் நன்றாக இருந்தால் 28 டிகிரிக் காற்று தரும். திருவான்மியூரில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் எல்லையே 29க்கு மேல். அங்கே கூலர் தருவது 30, 31, கூடவே இன்னும் ஈரம். நம் உடம்பும் அதே கூலர்தானே, வியர்வை காய்ந்தால்தான் குளிரும். ஆறு டிகிரி குறைவாக இருந்தும் அவர்களுக்கு வதைப்பு ஏன் என்றால் இதனால்தான்.

நமக்கு வேறு மாதிரி ஆபத்து. இங்கே வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், வியர்க்கவில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வெளியே காத்திருக்கும் உறவினர்களைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வரும். புழுக்கத்துக்குப் பழகிய உடம்பு, இந்த வறண்ட வெயிலை லேசாக எடுத்துக்கொள்கிறது.

வடாமுக்கு மார்ச்சும் ஏப்ரல் முதல் பாதியும் பொருத்தம். தைரியமாகப் போடுங்கள். ஏப்ரல் கடைசிக்குமேல் மூன்று மணிக்கு மேற்கே ஒரு பார்வை வைத்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி மாடிவீடு

நன்றி தம்பி. இராத்திரி பத்து மணிக்கும் மொட்டைமாடிச் சுவர் சுடுகிறதே, அதற்கு என்ன கணக்கு?

ஏலகிரி அத்தனாவூர்

அதற்கு மலையும் ஒரு காரணம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்கிற பழைய வசனம் இருக்கிறதே, அதிலேயே விடை இருக்கிறது. ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை. பகல் முழுக்க வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தருகிறது. மரமிருந்தால் இலைகள் நீரை ஆவியாக்கிக் குறைத்திருக்கும். ஊருக்குள் கான்கிரீட்டும், உங்கள் சுவர் உட்பட, இதையே செய்கிறது.

எங்கள் மலையில் இரவு போர்வை தேவைப்படும். சமவெளியைவிட ஏறக்குறைய எழுநூறு மீட்டர் ஏறியிருக்கிறோம். ஜோலார்பேட்டையில் இறங்கினால் முகத்தில் அடுப்பு திறந்த மாதிரி இருக்கும்.

இடிமழை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் தலைக்கு மேல்தான் பிறக்கிறது. ஏப்ரல் பாதிக்குமேல், காலையில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். பதினொரு மணிக்கு ஜவ்வாது மலை மேலும் எங்கள் மலை மேலும் வெள்ளைப் பொதிகள் கிளம்பும். வெயில்பட்ட மலைச்சரிவில் காற்று மேலேறுகிறது, வங்கக் கடலிலிருந்து வந்த ஈரம் கொஞ்சம் இருந்தால் போதும். இரண்டு மணிக்குள் அது நிமிர்ந்து தலை தட்டையாகிவிட்டால் அன்றைக்கு யாருக்கோ மழை உண்டு. பொதிகள் கிடைமட்டமாகப் பரந்து கரைந்தால் வெறும் வெக்கைதான். ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததே அந்த மலையின் தெளிந்த வானத்துக்காக. ஆனால் கோடைச் சாயங்காலங்களில் அவர்களுக்கும் மேகத் தொல்லை இல்லாமலா இருக்கும்?

குடியாத்தம் மாந்தோப்பு

எனக்கு வேண்டியது இதுதான். மேகம் எங்கே பிறந்து எங்கே போகிறது?

பாலாறு ரேடார் (காட்பாடி)

மார்ச்சிலிருந்து மே வரை மராட்டியத்தின் உள்பகுதியிலிருந்து கர்நாடகம் வழியாகத் தமிழக உள்மாவட்டங்கள் வரை ஒரு காற்றுக் கோடு அடிக்கடி அமையும். அதன் மேற்கே வறண்ட காற்று, கிழக்கே கடலீரம். அது எங்கே படிகிறதோ அங்கே இடிமேகம். உங்களுக்கு வருபவை பெரும்பாலும் கோலார், பலமனேர் பக்கம் கிளம்பி, மேல்நிலைக் காற்றோடு கிழக்கும் தென்கிழக்குமாக நகர்ந்து பேர்ணாம்பட்டு, குடியாத்தம் என்று இறங்கும். அப்புறம் பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு. காஞ்சிபுரம் தாண்டும்போது கடல்காற்று எதிரே வந்து முட்டினால் அங்கே புதிதாக எழும். கடல்காற்றின் குளிர்ந்த காற்றுக்குள் நுழைந்த பிறகு பெரும்பாலும் வலுவிழக்கும். சென்னைக்காரர்கள் "மேற்கே மின்னுகிறது, இங்கே ஒன்றும் வரவில்லை" என்று புலம்புவது இதைத்தான்.

மா விவசாயிக்கு இதில் ஒரு முக்கிய வேறுபாடு. சித்திரைத் தொடக்கத்தில் மேகத்துக்குக் கீழே இருக்கும் காற்று ரொம்ப வறண்டது. மேகத்திலிருந்து விழும் மழை பாதி வழியிலேயே ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிர்வித்து, கனமாக்கி, தரையை நோக்கித் தள்ளும். அதுதான் மழைக்கு முன்னால் புழுதியோடு வந்து கிளையை முறிக்கிற காற்று. மழை நாலு தூறல், காற்று ஊரையே புரட்டும். மே பாதிக்குமேல் கீழே ஈரம் கூடிவிடும். காற்று ஓரளவு, மழை நன்றாக. ஆலங்கட்டியும் முதல் பகுதியில்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். ஆக உங்களுக்கு ஆபத்தான காலம் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. பங்கனபள்ளி, செந்தூரா பறிப்பு அதற்குள் வரும். பெங்களூரா மரத்தில் நிற்கும்.

சந்தேகப் பிராணி

பெயரிலேயே ரேடார் வைத்திருக்கிறீர்கள், போன வருஷம் ரேடாரில் ஒன்றுமே இல்லை, எங்கள் தெருவில் தகரக் கூரை பறந்தது.

பாலாறு ரேடார் (காட்பாடி)

நடக்கக்கூடியதுதான். ரேடார் இருக்கும் சென்னைத் துறைமுகப் பக்கத்திலிருந்து குடியாத்தம் சுமார் 150 கிலோமீட்டர். ரேடார் கதிர் லேசாக மேல்நோக்கிப் போகிறது, பூமியோ வளைந்து கீழே போகிறது. இரண்டும் சேர்ந்து, நம் பக்கம் வரும்போது கதிர் தலைக்கு மேல் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஓடும் காற்று அதன் கண்ணில் படாது. ரேடார் படத்தில் மேகம் பலமனேர் மேல் சிவப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. காற்று மழைக்கு முன்பே வந்துவிடும். மின்னலுக்குத் தாமினி செயலி வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் மாமரத்தடியில் யாரும் ஒதுங்க வேண்டாம், இதை ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஆம்பூர் இரண்டாம் ஷிப்ட்

நீங்கள் மாங்காயைப் பேசுங்கள், நான் மனுஷனைப் பேசுகிறேன். ஷூ கம்பெனியில் வேலை. மேலே சிமெண்ட் ஷீட், உள்ளே பசை சூடேற்றும் மிஷின். மத்தியானம் வெளியே 42 என்றால் உள்ளே எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. போன கோடையில் சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "வெப்ப அலை எச்சரிக்கை வந்ததா? வரவில்லையே, வேலையைப் பார்" என்றார். எச்சரிக்கை ஏன் வரவில்லை?

பாலாறு ரேடார் (காட்பாடி)

விதி அப்படி. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க, பகல் வெப்பம் குறைந்தது 40ஐத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியும் கூட வேண்டும். அல்லது நேராக 45ஐத் தொட வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள். வேலூரில் மே மாத இயல்பே 39ஐ ஒட்டி இருக்கிறது. அப்படியானால் 43.5 தொட்டால்தான் கணக்கில் வரும். 42இல் எரிகிற நாள் இந்தக் கணக்கில் சாதாரண மே மாத நாள்.

கரைக்கு அளவு வேறு. 37 டிகிரியும், இயல்பைவிட 4.5 கூடுதலும் இருந்தால் போதும்.

என்னைக் கேட்டால், உடம்புக்கு இயல்பு என்ன என்பது தெரியாது, அதற்குத் தெரிந்தது இன்றைக்கு எவ்வளவு என்பதுதான். இயல்பே சுடுகிற ஊருக்கு இந்த விதி நியாயம் செய்யவில்லை. எச்சரிக்கை வரவில்லை என்பதை யாரும் சாக்காகச் சொல்லக்கூடாது.

சதுரங்கப்பட்டினம் கரையோரன்

ஆம்பூர் தம்பி, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்பத்தால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. உயிரோடு இருப்பவனுக்கு மோரும் நிழலும் யார் தருவது என்பதுதான் பாக்கி.

ஆம்பூர் இரண்டாம் ஷிப்ட்

அதேதான் அண்ணா. ஷிப்டைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பார்ப்போம்.

ஏலகிரி அத்தனாவூர்

புயல் பற்றி யாரும் பேசவில்லையே. மே மாதம் வங்கக் கடலில் ஒன்று உருவானால் எல்லாக் கணிப்பும் கலைந்துவிடும்.

பாலாறு ரேடார் (காட்பாடி)

ஆமாம், அதுதான் பெரிய சீட்டு. 2010 லைலா, 2016 ரோனு நம் கரையை ஒட்டி வடக்கே போனதால் வட தமிழகத்துக்கு மழை கிடைத்தது. 2019இல் ஃபானி இங்கே வரும் என்று ஏப்ரல் கடைசியில் எல்லாரும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தோம். அது திரும்பி மே 3ஆம் தேதி ஒடிசாவின் பூரியில் கரையேறியது. 2023இல் மோக்கா மியான்மருக்குப் போனது.

தள்ளிப் போகும் புயல் வெறுமனே ஏமாற்றுவதோடு நிற்காது. கடலின் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமக்கு மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வறண்ட தரைக்காற்று வீசும். கரையில் கடல்காற்று செத்துவிடும். அந்த மாதிரி நாட்களில் சென்னையும் வேலூரும் ஒரே அளவில் எரியும், கரைக்கும் பள்ளத்தாக்குக்கும் உண்மையிலேயே ஒரே வானிலை என்றால் அப்போதுதான். கணிப்பில் "புயல் விலகிச் சென்றது, ஆபத்து இல்லை" என்று வந்தால் தண்ணீர்க் குடத்தை நிரப்பி வையுங்கள்.

எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) பற்றியும் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். எல் நினோ தணிகிற கோடைகள், உதாரணமாக 2016, 2024, இந்தியா முழுக்கக் கடுமையாக இருந்தன. ஆனால் அதை வைத்து ஒரு தாலுகாவுக்குச் சோசியம் சொல்ல முடியாது.

குடியாத்தம் மாந்தோப்பு

இன்று வியாபாரியோடு பேசி முடித்தேன். மொத்தக் குத்தகையாக விடவில்லை. பங்கனபள்ளியும் செந்தூராவும் மே பத்துக்குள் பறிப்பு என்று தனி விலை, காற்றில் கொட்டினால் பாதிப் பாதி. பெங்களூரா பிறகு எடை போட்டு, அன்றைய விலைக்கு. கூழ் ஆலைகள் ஜூனில்தான் வாங்க ஆரம்பிக்கும், அதுவரை காய் நிற்க வேண்டும். கொட்டும் காய் ஊறுகாய்க்குப் போகும், அதற்கும் ஒரு விலை பேசி எழுதிக்கொண்டோம். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை, மேல்காற்றுக் கணக்கைச் சொன்னதும் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சந்தேகம். மே பாதிக்குமேல் மழை கூடும் என்றால் பெங்களூராவுக்குப் பழ ஈயும் கரும்புள்ளியும் வருமே?

ஏலகிரி அத்தனாவூர்

வரும். மழை விழுந்த பிறகு ஓடாதீர்கள், ஏப்ரலிலேயே ஆண் பழ ஈயை ஈர்க்கும் மீத்தைல் யூஜினால் பொறிகளைக் கட்டிவிடுங்கள். கொட்டின காயில் ஊறுகாய்க்கு ஆகாததை மரத்தடியில் விடாமல் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுங்கள், ஈ அங்கேதான் பெருகும். கரும்புள்ளிக்கு என்ன மருந்து, பறிப்புக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

சத்துவாச்சாரி மாடிவீடு

ஊறுகாய்க் காய் என்ன விலை போட்டிருக்கிறீர்கள்? எனக்கு இரண்டு கூடை வேண்டும்.